ரியோவின் முதுகு

ஜனவரி 19

இன்றைக்கு மூன்று விஷயம். கேஸ் தீர்ந்துவிட்டது. மாவு புளித்துவிட்டது. 'தோணிக்கார ரியோ'வைச் சினிமாவாக எடுக்கப் போகிறார்களாம், நிஜ ஆள் வைத்து, நிஜத் தண்ணீரில்.

மூன்றாவதைச் சொன்னவர் என் வீட்டுக்காரர் சேகரன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "மங்கை, உன் பையன் சினிமாவுக்குப் போறான்டி" என்றார். எங்களுக்குப் பையன் கிடையாது. ஒரே மகள், அவளும் பெங்களூரில். ரியோவைத்தான் இந்த மனிதர் இருபது வருடமாக என் பையன் என்கிறார்.

ரியோ ஒரு ஜப்பான் கார்ட்டூன் பையன். கார்ட்டூன் என்று சொல்லக்கூடாதாம், அனிமே என்று சொல்ல வேண்டுமாம். பக்கத்து வீட்டுப் பெண் திருத்தினாள். என்ன எழவோ, வெள்ளத்தில் மூழ்கிய ஒரு ஊர், அதில் தோணி தள்ளுகிற ஒரு பையன். வாரம் ஒரு ஆவி அவன் தோணியில் ஏறும். அதை அதன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத் திரும்புவான். தமிழில் அது ஓடிய ஆறு வருடமும் ரியோ பேசியது என் குரலில்தான். தொண்டை வற்ற வற்றக் கத்தியிருக்கிறேன். ஒரு நாள் ஒரு பொழுது டிவியில் என் பெயரைப் போட்டதில்லை.

எடுத்தால் எடுக்கட்டும். எனக்கென்ன வந்தது. மாவை ஊத்தப்பமாக்கிவிட்டேன்.

ஜனவரி 20

யாரும் கூப்பிடவில்லை. போன் வேலை செய்கிறதா என்று சேகரன் போனிலிருந்து அடித்துப் பார்த்தேன். செய்கிறது.

ஜனவரி 27

கூப்பிட்டார்கள்.

சாலிகிராமத்தில் ஆபீஸ். பழைய புடவைதான் கட்டிக்கொண்டு போனேன். போன வாரம் வாங்கியது.

டைரக்டர் பெயர் விஷ்ணுராம். முப்பது சொச்சம் வயது இருக்கும். நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்று, "அக்கா, ஒரே ஒரு தடவை... 'ஆவிக்கு இவ்வளவு கனமா?' சொல்லுங்கக்கா" என்று கெஞ்சினான். சொன்னேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அசிஸ்டென்ட்டுகள் வரிசையாக வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தான். "போன வருஷம்தான் ஜப்பானிய ஒரிஜினல் பாத்தேன். தூக்கிவாரிப் போட்டுச்சு. ரியோ பேசவே மாட்டேங்கிறான்! நாங்க சின்ன வயசுல சிரிச்ச டயலாக் எதுவுமே அதுல இல்ல. அதெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?"

எங்கேயிருந்து வரும், என் வாயிலிருந்துதான். ரியோ தோணியின் முனையில் நின்று கழி போடுகிறவன். பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆவி எதைப் பார்க்குமோ அதைத்தான் படத்தில் காட்டுவார்கள், அதாவது அவன் முதுகை. முகம் தெரிந்தால் வாயசைவுக்கு ஏற்றபடிதான் டப்பிங் பேச வேண்டும். முதுகு தெரிந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? சேனல்காரர் வேறு, "சத்தமே இல்லாம இருந்தா ஜனங்க செட்டு ரிப்பேர்னு நெனச்சுத் தட்டுவாங்க மேடம், எதையாவது பேசி ரொப்புங்க" என்றார். ரொப்பினேன். "ஐயோ, என் இடுப்பு போச்சே." "இந்த ஊர்ல ஒரு டீக்கடை இருக்கா பாரு." "இறங்கும்போது பாத்து இறங்குங்க, செத்ததுக்கப்புறம் கால் உடையணுமா?" ஊரெல்லாம் அதைத்தான் பிடித்துக்கொண்டது.

"எனக்கு அந்த வாயாடி ரியோதான் வேணும். வசனம் நீங்கதான் எழுதறீங்க. டைட்டில்ல உங்க பேரு" என்றான்.

யோசித்துச் சொல்கிறேன் என்று கெத்தாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மாடிப்படி இறங்குவதற்குள் போன் போட்டுச் சரி என்றுவிட்டேன்.

பிப்ரவரி 24

ஜப்பானிலிருந்து ஒரு அம்மாள் வந்திருக்கிறாள். ஹிரோமி. நாற்பது வயது, ஒல்லி, சிரித்த முகம், கல் நெஞ்சு. கதை உரிமை வைத்திருக்கும் கம்பெனியின் ஆள். அவள் தலையாட்டாமல் ஒரு வசனமும் படத்தில் போகக்கூடாது என்று ஒப்பந்தமாம். கூட மொழிபெயர்க்கப் பவித்ரா என்று ஒரு மாம்பலத்துப் பெண்.

நான் எழுதியதையெல்லாம் பவித்ரா ஜப்பான் பாஷையில் சொல்லச் சொல்ல, ஹிரோமி ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் துண்டுக் காகிதத்தை ஒட்டிக்கொண்டே போனாள். சாயங்காலம் பார்த்தால் என் வசனம் முழுக்க மஞ்சள் பூசி, நலங்கு வைத்த கல்யாணப் பெண் மாதிரி இருந்தது.

"மேடம், இதெல்லாம் ஒரிஜினல்ல இல்லன்னு சொல்றாங்க" என்றாள் பவித்ரா.

"இல்லன்னு எனக்கும் தெரியும். நான்தானே போட்டேன்."

"ஏன் போட்டீங்கன்னு கேக்கறாங்க."

"அவன் ஏன் சும்மா நின்னான்னு கேளு."

பவித்ரா அதை என்னவென்று மொழிபெயர்த்தாளோ, ஹிரோமி எழுந்து நின்று குனிந்து வணங்கினாள். நானும் எழுந்து குனிந்தேன். கோபத்தோடு குனிவது எவ்வளவு கஷ்டம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

மார்ச் 10

முடிப் பஞ்சாயத்து. ரியோவுக்கு நீல முடி, முள்ளு முள்ளாக நிற்கும். விக் வைத்துப் பார்த்தார்கள். ரியோவாக நடிக்கும் ஜெபின் தூத்துக்குடிப் பையன், இருபது வயது, நல்ல கறுப்பு, நல்ல களை. அரை மணி நேர வெயிலில் சாயம் கரைந்து கழுத்து, காது, சட்டை எல்லாம் நீலம். "யக்கா, எங்கம்மா பாத்தா மந்திரிக்கக் கூட்டிட்டுப் போயிருவா" என்கிறான்.

கடைசியில் முடியை விட்டுவிட்டு நீலத் துண்டைத் தலையில் கட்டி, முனை இரண்டையும் தூக்கி நிற்க வைத்தார்கள். தோணிக்காரன் தலையில் துண்டு இல்லாமல் என்ன இருக்கும். எனக்குப் பிடித்துவிட்டது. ஹிரோமிக்கும் பிடித்தது, போட்டோ எடுத்துக்கொண்டாள். ரசிகர்கள் மட்டும் இன்டர்நெட்டில் விஷ்ணுராமின் பரம்பரையையே கிழித்துத் தொங்கவிடுகிறார்கள்.

மார்ச் 18

இன்று ஒரு அதிசயம். நானும் ஹிரோமியும் ஒரே கட்சி.

தயாரிப்பாளர் வந்தார். காட்சி காட்சியாகப் படம் வரைந்து வைத்திருந்த ஸ்டோரிபோர்டைப் புரட்டினார். "என்ன தம்பி, பாதி படம் முதுகாவே இருக்கு? முதுகைப் பாக்கவா ஜனங்க டிக்கெட் எடுத்து வராங்க? மூஞ்சியைக் காட்டுப்பா" என்றார்.

ஹிரோமிக்கு மூஞ்சி சிவந்துவிட்டது. எனக்கும்தான். முகத்தைக் காட்டினால் அவளுடைய மௌனமும் போச்சு, என்னுடைய முணுமுணுப்பும் போச்சு. அவள் ஜப்பான் பாஷையில் பொரிந்தாள், நான் தமிழில் பொரிந்தேன், நடுவில் பவித்ரா யாரை மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் தண்ணீர் குடித்தாள். "சார், அந்த முதுகுக்காகத்தான் ஊர்ல பாதிப் பேர் ஸ்கூலுக்கு லேட்டாப் போயிருக்கான், கேட்டுப் பாருங்க" என்றேன். தயாரிப்பாளர் தன் டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டார். டிரைவர் அங்கேயே கழி போடுகிற மாதிரி நின்று, "ஐயோ, என் இடுப்பு போச்சே" என்றார்.

முதுகு பிழைத்தது. ஹிரோமி எனக்கு ஜப்பான் மிட்டாய் கொடுத்தாள். நான் கடலை மிட்டாய் கொடுத்தேன். அவளுடையது சோப்பு மாதிரி இருந்தது.

மார்ச் 19

கட்சி உடைந்தது. மறுபடி மஞ்சள் காகிதம்.

ஏப்ரல் 2

பேரம் முடிந்தது. ஹிரோமி இறங்கி வந்தாள். படம் முழுக்க என் முணுமுணுப்பு இருக்கலாமாம், ஒரே ஒரு இடம் தவிர. கடைசிக் காட்சி. ரியோவின் தோணியில் அவனுடைய அப்பாவே ஆவியாக வந்து உட்காருகிற இடம். ரியோ திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்த்தால் ஆவி கரைந்துபோகும். அதனால் கழி போட்டுக்கொண்டே போகிறான். அதில் ஒரு சொல் கூடாதாம்.

எனக்கு அந்த இடம்தான் வேண்டும். மற்றதையெல்லாம் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும். தமிழில் அங்கே ரியோ சொல்வது ஒரே வரி. "அப்பா, குளிருதா? துண்டைப் போத்திக்கோங்க. இன்னும் கொஞ்ச தூரம்தான்."

அந்த வரியை விடமாட்டேன். தனிக் காரணம் எதுவும் இல்லை. நல்ல வரி, அவ்வளவுதான்.

விஷ்ணுராம் என் பக்கம். "அவ்வளவு நேரம் சத்தம் இல்லாம விட்டா, தியேட்டர்ல சவுண்டு போச்சுன்னு ஆப்பரேட்டரைக் கிழிச்சிடுவாங்கக்கா" என்றான். அது உண்மைதான்.

ஏப்ரல் 12

ஞாயிறு. ஹிரோமியையும் பவித்ராவையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். சாப்பாடு போட்டுக் கவிழ்த்துவிடலாம் என்று திட்டம். வத்தக்குழம்பு, உருளை ரோஸ்ட், பால் பாயசம். ஹிரோமி வத்தக்குழம்பை மூன்று தரம் வாங்கிக்கொண்டாள். முதல் வாயிலேயே மூக்கில் தண்ணீர் வந்தும் விடவில்லை. நல்ல பெண், மடத்தனமான பிடிவாதம்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. இந்தச் சேகரன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே! பாயசம் குடித்துக்கொண்டே பவித்ராவிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "அந்தக் கடைசி எபிசோடு பேசினப்போ இவங்க அப்பா போயி ஒரு மாசம்கூட ஆகல. சின்ன வயசுலேருந்து இவளை டப்பிங்குக்குக் கூட்டிட்டுப் போறது அவர்தான். பஸ்ஸுல வருவார். இவ உள்ள போனா வெளிய காம்பவுண்டுச் சுவத்துல உக்காந்து, வர்றவன் போறவன்கிட்டல்லாம் கதை பேசிட்டிருப்பார். கல்யாணத்துக்கப்புறமும் அவர்தான் வந்தார், நான் போனதில்ல. அன்னிக்கு முதல் தடவையா நான் கூட்டிட்டுப் போனேன். ஸ்கிரிப்ட்ல அங்க ஒண்ணுமே இல்லயாம். இவளா பேசியிருக்கா. ஒரே டேக்."

நான் பாயசக் கிண்ணத்தை எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன். குழாயைத் திறந்துவிட்டேன். நிறையப் பாத்திரம் கிடந்தது.

திரும்பி வந்தபோது ஹிரோமி முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். மெதுவாகப் பேசினாள். பவித்ரா சொன்னாள்: "ரொம்ப வருத்தமா இருக்கு, ஆனா அனுமதி தர அவங்களால முடியாதாம். கதையை உருவாக்கினவர் அந்த ஒரு இடத்தைத் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காராம். அவங்க ஊர்ல அந்த முதுகைப் பாக்கறப்ப டிவி முன்னாடி யாருமே மூச்சு விட மாட்டாங்களாம்."

"எங்க ஊர்ல மூச்சு விடுவோம்னு சொல்லு. அந்த முதுகைப் பாத்துட்டுதானே நானும் நின்னேன், மைக்குக்கு முன்னாடி. பாக்கறவளுக்குப் பேச்சு வந்தா என்ன பண்றது?"

ஹிரோமி அதற்கும் ஒரு தடவை குனிந்து வணங்கினாள். போகும்போது வத்தக்குழம்பு கொஞ்சம் பாட்டிலில் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

சேகரனோடு பேச்சு வார்த்தை கிடையாது.

ஏப்ரல் 13

பேசிவிட்டேன். பால் வாங்கி வரச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 6

பழவேற்காடு. விடிகாலை வெளிச்சம் வேண்டும் என்பதால் எல்லோரும் இருட்டோடு எழுந்து ஏரிக்கரையில் நிற்கிறோம். மூழ்கிய ஊருக்குத் தண்ணீருக்குள் பாதிப் பாதி வீடு செட் போட்டிருக்கிறார்கள். மீன்காரப் பெண் ஒருத்தி, "ஏம்மா, இவ்ளோ செலவு பண்ணி வீடு கட்டிட்டு ஏன் தண்ணியில விட்டீங்க?" என்று கேட்டாள். எனக்கும் விடை தெரியவில்லை.

இன்றைக்குக் கடைசிக் காட்சி. ஜெபினுக்கு ஒரே கவலை. "யக்கா, மூஞ்சியே தெரியாதுன்னா நான் எப்படி நடிக்க? எங்கம்மா தியேட்டர்ல என்னைத் தேடுவால்லா?"

"முதுகும் உன்னோடதுதானேடா. அம்மாவுக்குத் தெரியாதா?"

அப்பாவாக ஒரு வயதான நாடக நடிகர் பின்னால் உட்கார்ந்தார். நான் கரையில் தூரத்தில் நின்றேன், ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. ஹிரோமி மானிட்டருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஷாட் முடிந்ததும் கைதட்டல். அவள் மட்டும் தட்டவில்லை, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் கொசு விழுந்திருக்கும்.

மதியம் மீன் குழம்பு அபாரம்.

ஆகஸ்ட் 20

ஹிரோமி ஊருக்குப் போய்விட்டாள். அவளைத் திட்டாமல் பொழுது போகவில்லை.

அக்டோபர் 15

டப்பிங் நாலாவது நாள். ஜெபினே தன் குரலில் பேசுகிறான். "ஆவிக்கு இவ்வளவு கனமா" என்று அவன் தூத்துக்குடி வாயால் இழுத்துச் சொல்லும்போது எனக்கே பொறாமையாக இருக்கிறது.

மதியம் விஷ்ணுராம் கதவைச் சாத்திவிட்டு ரகசியம் பேசினான். "அக்கா, கடைசி ரீல்ல உங்க வரியைப் பேசிச் சேத்துடலாம். ஹிரோமிக்கு அனுப்பற காப்பி தனி, தியேட்டர் காப்பி தனி. அவங்க ஜப்பான்லேருந்து வந்து பாக்கறதுக்குள்ள படம் ஓடிடும்."

தப்பு என்று தெரியும். ஆனாலும் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். நாளைக்கு முதல் வேலையாக அதுதான்.

அக்டோபர் 16

ஜெபினை மைக் முன் நிறுத்தினேன். வரியைச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டாவது தடவையிலேயே பிடித்துக்கொண்டான். "அப்பா, குளிருதா..." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் என்ஜினியர் மூக்கை உறிஞ்சினார். விஷ்ணுராம் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பேசி முடித்ததும் ஒரு தடவை சத்தமே இல்லாமல் படத்தை ஓட்டிப் பார்ப்பேன். ஓட்டச் சொன்னேன்.

பழவேற்காட்டுத் தண்ணீர். நீலத் துண்டு. முதுகு. கழியைத் தண்ணீரிலிருந்து எடுக்கிறபோதெல்லாம் ஜெபின் அதை நேராகத் தூக்கவில்லை. வெளிப்பக்கமாகச் சாய்த்து, ஒரு நொடி நிறுத்தி, தண்ணீர் வடிந்த பிறகுதான் இந்தப் பக்கம் கொண்டுவருகிறான். ஒவ்வொரு தடவையும். திரும்பிப் பார்க்காமலே.

"ஏன்டா அப்படி எடுத்த? டைரக்டர் சொன்னாரா?"

"இல்லக்கா. பின்னால பெரியவர் உக்காந்திருந்தாருல்லா. காலம்பற குளிரு. அவர் மேல தண்ணி தெறிக்கக் கூடாதுல்லா?"

அட பாவிப் பயலே. நான் வாயால் சொன்னதை இவன் முதுகாலேயே சொல்லி முடித்துவிட்டானே. இன்னொரு தடவை ஓட்டச் சொன்னேன். அதன் மேல் என் வரியை வைத்துப் பார்த்தேன். சகிக்கவில்லை. சொன்னதையே திருப்பிச் சொல்கிற மாதிரி இருந்தது.

"வரியை எடுத்துடு விஷ்ணு."

"அக்கா, விளையாடாதீங்க! அதுக்காகத்தானே எட்டு மாசமா சண்டை போட்டீங்க!"

"போட்டேன். இப்ப எடுக்கச் சொல்றேன்."

"ஜனங்க கத்துவாங்கக்கா. சவுண்டு சவுண்டுன்னு கத்துவாங்க. அந்த வரிக்காகத்தான் பாதிப் பேர் வரான்."

"கத்தட்டும். என்னைக் காட்டிக்கொடு, நான் பதில் சொல்லிக்கறேன்."

அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு எடுத்தான். ஜெபினுக்குத் தான் ஏதோ தப்பாகப் பேசிவிட்டோம் என்று பயம். இல்லையடா என்று அவனுக்கு மசால் வடை வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து சேகரனிடம் சொன்னேன். அவர் ஒன்றும் கிண்டல் பண்ணவில்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்துவிட்டது.

டிசம்பர் 10

நாளைக்கு ரிலீஸ். ஹிரோமி வந்திருக்கிறாள், காலி பாட்டிலோடு. வத்தக்குழம்பு கிளறுகிறேனே தவிர நினைப்பெல்லாம் நாளைக் காட்சியில்தான். கூட்டம் கத்தினால் அந்தப் பிள்ளையின் முதுகு போச்சு, விஷ்ணுராமின் பிழைப்பும் போச்சு, எல்லாம் என்னால். பேசாமல் வரியை விட்டிருக்கலாம். குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன்.

டிசம்பர் 11

காலைக் காட்சி. தியேட்டர் வாசலில் நீலத் துண்டு கட்டிக்கொண்டு ஒரே கூட்டம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று நினைத்துப் போனால், எல்லாம் முப்பது, முப்பத்தைந்து வயது ஆட்கள். தொப்பை, இடுப்பில் குழந்தை, வீட்டுக்கடன் முகம். மார்ச்சில் துண்டைத் திட்டித் தீர்த்ததும் இவர்கள்தானாம்.

டைட்டிலில் என் பெயர் வந்தது. 'வசனம்: மங்கையர்க்கரசி சேகரன்.' பக்கத்தில் இருந்த அறுபது வயது மனிதர், எனக்குத் தாலி கட்டியவர்தான், விசில் அடித்தார். மானத்தை வாங்கிவிட்டார்.

ஒவ்வொரு முணுமுணுப்புக்கும் தியேட்டர் அதிர்ந்தது. ஜெபின் பேசுவதற்கு முன்னால் இவர்கள் பேசினார்கள். கடைசிக் காட்சி வந்தது. அப்பா தோணியில் ஏறி உட்கார்ந்தார். இசையும் நின்றது. முதுகு.

தியேட்டர் காத்திருந்தது. வரி வரவில்லை.

பின்னாலிருந்து ஒருத்தன், "டேய், சவுண்டு!" என்றான். போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். இன்னொருத்தன், "ஷ்ஷ், சும்மா இரு. கழியைப் பாரு" என்றான். அப்புறம் ஒன்றும் இல்லை. இப்படி ஒரு தமிழ் தியேட்டரை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. ஏசி ஓடுகிற சத்தம் கேட்டது.

எங்களுக்கு முன் வரிசையில், மடியில் குழந்தையோடு ஒரு குண்டு மனிதர். திரையைப் பார்த்துக்கொண்டே, தனக்குள் பேசுகிற மாதிரி, "அப்பா, மாத்திரை போட்டியா?" என்றார்.

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். "நல்லா சாஞ்சு உக்காருப்பா. தோணி ஆடும்."

"வேலை கெடச்சிடுச்சுப்பா."

"பைக்கை இன்னும் நான்தான் ஓட்டறேன், விக்கல."

"பேத்தி பொறந்திருக்காப்பா. உன் மூக்கு."

யாரும் கத்தவில்லை. இங்கே ஒன்று, அங்கே ஒன்று, பிறகு வரிசை வரிசையாக, கூடம் முழுக்க முணுமுணுப்பு. யாரோ என் பழைய வரியையும் சொன்னார்கள் போலிருந்தது. மற்றவர்கள் பேச்சில் அது சரியாகக் கேட்கவில்லை. தோணி போய்க்கொண்டே இருந்தது. ஜெபின் கழியைச் சாய்த்துச் சாய்த்து எடுத்துக்கொண்டிருந்தான்.

எனக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்த ஹிரோமி பவித்ராவின் கையைப் பிடித்து உலுக்கினாள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்கிறாள், எனக்கே புரிந்தது. பவித்ரா பதில் சொல்கிற நிலையில் இல்லை, மூக்கும் கண்ணும் ஒழுக உட்கார்ந்திருந்தாள். நான்தான் குனிந்து எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் சொன்னேன், எல்லோரும் அவரவர் அப்பாவோடு பேசுகிறார்கள் என்று. ஹிரோமி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்துவிட்டு, திரையைப் பார்த்து ஜப்பான் பாஷையில் ஏதோ இரண்டு சொல் சொன்னாள். யாரும் மொழிபெயர்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்தப் பக்கம் சேகரனின் உதடும் அசைந்துகொண்டிருந்தது.

நான் ஒன்றும் பேசவில்லை. வாயைத் திறக்கவே தோன்றவில்லை. இத்தனை பேருடைய அப்பாக்களும் வந்து ஏறிய தோணியில் என் அப்பாவும் ஒரு ஓரமாக இடம் பிடித்து உட்கார்ந்திருப்பார். இந்நேரம் பக்கத்தில் இருக்கிறவரிடம் கதை பேச ஆரம்பித்திருப்பார். அவருக்குக் கூட்டம் பிடிக்கும்.